ஈக்வல்ஸ் ட்ரூ என்கிறது, ஹேஷ்செட் ஏன் கேட்பதில்லை?

கேள்வி: ஜாவாவில் வாடிக்கையாளர் கிளாஸ் ஒன்றில், இரண்டு ஆப்ஜெக்ட் சமமா என்று சொல்லும் ஈக்வல்ஸ் மெத்தடை மின்னஞ்சலை வைத்து எழுதியிருக்கிறேன். ஈக்வல்ஸ்இக்னோர்கேஸ் போட்டிருப்பதால் கேபிடல், ஸ்மால் வித்தியாசம் பார்க்காது. ஆப்ஜெக்டுக்கு ஓர் எண் தரும் ஹேஷ்கோடு மெத்தடில் மின்னஞ்சலின் ஹேஷ்கோடையே திருப்பி அனுப்புகிறேன். ஆனாலும், ஒன்றை ஒரு முறைதான் வைத்துக்கொள்ள வேண்டிய ஹேஷ்செட்டில் ஒரே ஆள் இரண்டு தடவை ஏறிவிடுகிறார். ஏன்?

பதில்: இரண்டு மெத்தடும் தனித்தனியாகப் பார்த்தால் சரிதான். ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை, அதுதான் சிக்கல். ஈக்வல்ஸ் கேஸைக் கண்டுகொள்வதில்லை. ஸ்ட்ரிங்கின் ஹேஷ்கோடோ கண்டுகொள்கிறது. ஈக்வல்ஸ் சமம் என்று சொன்னால் ஹேஷ்கோடும் ஒன்றாக இருந்தே ஆகவேண்டும் என்பது ஜாவாவின் விதி. இதை மீறினால் கம்பைலர் வாயே திறக்காது.

ஒற்றை எழுத்தை வைத்துப் பாருங்கள். கேபிடல் ஏ-யின் ஹேஷ்கோடு 65, ஸ்மால் ஏ-யினுடையது 97. ஹேஷ்செட்டுக்கு உள்ளே இருப்பது ஒரு ஹேஷ்மேப். அது வழக்கமாக 16 பக்கெட்டில், அதாவது ஹேஷை வைத்துப் பிரித்துப் போடும் 16 அறைகளில், தொடங்கும். 65, 97 இரண்டையும் 16-ஆல் வகுத்தால் மீதி 1, ஆக இரண்டும் ஒரே பக்கெட்டில்தான் விழும். அப்படியும் கண்டுபிடிக்காது! பக்கெட்டுக்குள் முதலில் முழு ஹேஷைத்தான் ஒப்பிடும். அது வேறாக இருந்தால் உங்கள் ஈக்வல்ஸைக் கூப்பிடவே கூப்பிடாது. அதில் பிரேக்பாயின்ட் (புரோகிராமை நிறுத்திப் பார்க்கும் புள்ளி) வைத்துக் காத்திருந்து பயனில்லை.

கன்ஸ்ட்ரக்டரிலேயே மின்னஞ்சலை ஸ்மால் எழுத்தாக்கிவிடுங்கள். டுலோயர்கேஸுக்கு, எந்த மொழி அமைப்பையும் (லொகேல்) சாராத லொகேல்.ரூட் கொடுக்க மறக்க வேண்டாம். துருக்கி லொகேலில் ஓடும் மெஷினில் கேபிடல் ஐ, புள்ளியில்லாத ஐ-யாக மாறிவிடும். அப்புறம் ஈக்வல்ஸ், ஹேஷ்கோடு இரண்டும் அந்த ஒரே ஃபீல்டை அப்படியே பயன்படுத்தட்டும்.

தலைகீழாக இந்த விதி செல்லாது. கேபிடல் ஏ-யும் ஸ்மால் ஏ-யும் சேர்ந்த ஸ்ட்ரிங்குக்கு ஹேஷ்கோடு 2112; இரண்டு கேபிடல் பி சேர்ந்ததற்கும் அதே 2112. அதில் தப்பில்லை, ஈக்வல்ஸ் பிரித்துவிடும். எல்லாவற்றுக்கும் 1 என்று திருப்பி அனுப்பினாலும் விதிப்படி சரிதான், வேகம்தான் போய்விடும்.

அந்த ஃபீல்டைப் பிறகு மாற்ற முடியாதபடி ஃபைனல் ஆக்கி, செட்டரையும் எடுத்துவிடுங்கள். செட்டில் போட்ட பிறகு மின்னஞ்சலை மாற்றினால் ஆப்ஜெக்ட் பழைய ஹேஷோடு அங்கேயே கிடக்கும். லூப் போட்டால் தெரியும். கன்டெய்ன்ஸ் ஃபால்ஸ் என்னும், ரிமூவ் எடுக்காது. மாற்றியே ஆகவேண்டும் என்றால் முதலில் வெளியே எடுத்து, மாற்றி, திரும்பப் போடுங்கள். டேட்டாபேஸ் தரும் ஐடியை வைத்து ஹேஷ்கோடு எழுதுகிறவர்களும் இதே குழியில்தான் விழுகிறார்கள்: சேவ் செய்யும் முன் அது நல், சேவ் ஆனதும் எண்.

ஜாவா 16 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு என்றால் கிளாஸை ரெக்கார்டாகவே (தரவை மட்டும் சுமக்கும் சுருக்கமான கிளாஸ்) எழுதலாம். இரண்டு மெத்தடையும் அதுவே எல்லா ஃபீல்டையும் வைத்து உருவாக்கிக்கொள்ளும். பெயர், முகவரியும் உள்ளே இருந்தால் அவையும் ஒப்பீட்டில் வந்துவிடும் என்பதால், மின்னஞ்சலை மட்டும் தனி ரெக்கார்டாக்கி அதையே மேப்பின் கீயாக வைப்பதுதான் எனக்குப் பிடித்த வழி.