பன்னிரண்டு சீசர்களும் ஓர் அரண்மனைச் செயலாளரும்: கேள்வி பதில்

சூட்டோனியஸ் எழுதிய 'சீசர்களின் வாழ்க்கை' ஜூலியஸ் சீசரில் தொடங்கி டொமிஷியனில் முடிகிறது. கி.பி. 120ஐ ஒட்டி லத்தீனில் எழுதப்பட்ட நூல். ரோமப் பேரரசர்களைப் பற்றி இன்றும் உலவும் கதைகளில் பல அங்கிருந்து கிளம்பியவை. அந்த நூலைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி: ரோம் பற்றி எரிந்தபோது நீரோ பிடில் வாசித்ததாகப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே கேட்டு வருகிறேன். உண்மையா, ஐயா?

பதில்: பிடில் என்ற கருவியே அப்போது பிறக்கவில்லை. நீரோ மீட்டியது கித்தாரா, நம் யாழுக்கு நெருங்கிய உறவு. கி.பி. 64இல் நகரம் எரிந்தபோது நீரோ மேசினஸ் கோபுரத்தில் ஏறி நின்று, தீயின் அழகில் மெய்மறந்து, மேடை உடையில் டிராய் நகரின் வீழ்ச்சியைப் பாடினான் என்கிறார் சூட்டோனியஸ். அவர் காலத்து வரலாற்றாசிரியர் டாசிடஸ் சொல்வது வேறு. தீப்பிடித்தபோது நீரோ ஆன்டியம் என்ற கடற்கரை ஊரில் இருந்தான். திரும்பி வந்து வீடிழந்தவர்களுக்குத் தன் தோட்டங்களைத் திறந்துவிட்டான். தானிய விலையையும் குறைத்தான். பாடினான் என்பது ஊரில் கிளம்பிய வதந்தி என்று தெளிவாகவே எழுதுகிறார். ஒருவர் வதந்தி என்று குறித்ததை மற்றவர் நடந்ததாகவே எழுதிவிட்டார். இந்த இடத்தில் நான் டாசிடஸ் பக்கம்.

கேள்வி: அப்படியானால் சூட்டோனியஸ் வெறும் அரண்மனைக் கிசுகிசு எழுத்தாளர்தானே? அவரை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள்?

பதில்: கிசுகிசு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அவர் யார் என்று பாருங்கள். பேரரசின் நூலகங்களைப் பார்த்துக்கொண்டவர். பிறகு பேரரசன் ஹாட்ரியனின் கடிதப் போக்குவரத்துக்குப் பொறுப்பான செயலாளர். அல்ஜீரியாவில் பழைய ஹிப்போ நகரத்து இடிபாடுகளில் கிடைத்த ஒரு கல்வெட்டு இந்தப் பதவிகளை வரிசையாகச் சொல்கிறது. கோப்புகள் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தன, அவரும் அவற்றைப் புரட்டினார்.

அகஸ்டஸின் கையெழுத்தைப் பற்றி அவர் எழுதுவதைப் படித்தால் இது புரியும். அகஸ்டஸ் சொற்களுக்கு நடுவே இடைவெளி விடமாட்டான். வரியின் முடிவில் இடம் போதாமல் சில எழுத்துகள் மிஞ்சினால் அவற்றை அடுத்த வரிக்குக் கொண்டுபோகாமல், அதே சொல்லுக்குக் கீழே எழுதிச் சுற்றி ஒரு வளையம் போடுவான். மூலத்தைக் கையில் வைத்துப் பார்த்தவர் எழுதும் எழுத்து இது.

நீரோவின் கவிதை விஷயத்தில் பந்தயம் தலைகீழாகிறது. நீரோவின் கவிதைகள் பலர் உட்கார்ந்து ஒட்டுப்போட்டவை என்கிறார் டாசிடஸ். சூட்டோனியஸோ, நீரோவின் குறிப்பேடுகள் தம் கைக்கு வந்ததாகவும், அவற்றில் அடித்தலும் திருத்தலும் நிறைந்திருந்ததால் அவன் தானே யோசித்து எழுதியவைதான் என்றும் சொல்கிறார். தமக்குப் பிடிக்காத ஒருவனுக்குச் சேரவேண்டிய நியாயத்தைச் சான்று பார்த்துக் கொடுக்கிறார்.

ஆகவே அவரைப் படிக்கும்போது ஒவ்வொரு செய்தியிலும் அது எப்படி வந்தது என்று கவனியுங்கள். 'நானே பார்த்தேன்', 'என் தாத்தா சொல்லக் கேட்டேன்', 'என் தந்தை பேரரசன் ஓத்தோவின் படையில் இருந்தார்', 'சிலர் சொல்கிறார்கள்' என்று பல இடங்களில் அவரே பிரித்துக் காட்டியிருக்கிறார். நாம்தான் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம்.

கேள்வி: கலிகுலா தன் குதிரையை கான்சல் ஆக்கினானா?

பதில்: இல்லை. கான்சல் என்பது ரோமின் மிக உயர்ந்த ஆட்சிப் பதவி. குதிரையின் பெயர் இன்சிடாட்டஸ். பளிங்குக் கொட்டில், தந்தத் தொட்டி, ஊதாப் போர்வை எல்லாம் கொடுத்தான் என்று எழுதிவிட்டு, சூட்டோனியஸ் கான்சல் ஆக்கவும் நினைத்திருந்ததாகச் சொல்கிறார்கள் என்று முடிக்கிறார். அவ்வளவுதான். 'நினைத்திருந்ததாகச் சொல்கிறார்கள்' என்பது பின்னால் வந்தவர்களின் கையில் 'ஆக்கினான்' ஆகிவிட்டது.

கேள்வி: 'நீயுமா, புரூட்டஸ்?' இவர் எழுதியதா?

பதில்: ஷேக்ஸ்பியர் நாடகம் பரப்பிய வசனம் அது. ஜூலியஸ் சீசரைக் குத்திக் கொன்றபோது முதல் குத்தில் ஒரு முனகல், அதன்பின் ஒரு சொல்கூட இல்லை என்பதே சூட்டோனியஸ் தரும் செய்தி. 'நீயுமா, மகனே?' என்று கிரேக்கத்தில் கேட்டதாகச் சிலர் எழுதியிருக்கிறார்கள் என்று ஓரமாகச் சேர்க்கிறார். எனக்கு அதைவிட அடுத்து வரும் செய்தி பெரிது: உடலில் 23 காயங்கள், அவற்றில் மார்பில் விழுந்த இரண்டாவது குத்து ஒன்றே உயிரைப் பறித்தது என்று மருத்துவர் ஆண்டிஸ்டியஸ் கருதினார். பிரேதப் பரிசோதனை முடிவு ஒன்று இரண்டாயிரம் ஆண்டு கடந்து நம்மிடம் வந்திருக்கிறது!

கேள்வி: கணினிப் பாதுகாப்புப் பாடத்தில் 'சீசர் குறியீடு' வருகிறது. அதற்கும் இவருக்கும் தொடர்பு உண்டா?

பதில்: நேரடித் தொடர்பு. ஒவ்வோர் எழுத்துக்கும் பதிலாக அதிலிருந்து மூன்று இடம் தள்ளியிருக்கும் எழுத்தை எழுதுவது சீசரின் வழக்கம் என்று விளக்குபவர் சூட்டோனியஸ்தான். அகஸ்டஸ் ஓர் இடம் மட்டும் தள்ளினான் என்பதையும் அவரே சொல்கிறார்.

கேள்வி: ஆண்டு வரிசையில் எழுதாமல் ஏன் இப்படித் தாவித் தாவி எழுதுகிறார்? படிக்கக் குழப்பமாக இருக்கிறது.

பதில்: தாவவில்லை, தலைப்பு வாரியாக அடுக்குகிறார். குலம், பதவி, போர், சட்டம், கட்டடம், பிறகு உருவம், உணவு, நோய், பேச்சு, மரணம். அகஸ்டஸின் வாழ்க்கையில் இந்த முறையைச் சொல்லிவிட்டே தொடங்குகிறார். டாசிடஸைப் போல ஆண்டுக்கு ஆண்டு நகர்ந்தால் பேரரசு தெரியும். இடிக்குப் பயந்து கடல்நாய்த் தோலைக் கூடவே வைத்திருந்த அகஸ்டஸ் தெரியமாட்டான்.

இந்த அடுக்குதான் அவர் விட்டுச்சென்ற பெரிய சொத்து. ஒன்பதாம் நூற்றாண்டில், மேற்கு ஐரோப்பாவை ஆண்ட பேரரசன் சார்லமேனின் வாழ்க்கையை எழுத உட்கார்ந்த ஐன்ஹார்ட், அகஸ்டஸின் வாழ்க்கையை முன்னால் வைத்துக்கொண்டு எழுதினார். அடுக்கு மட்டுமல்ல, சொற்றொடர்கள்கூட அங்கிருந்து வந்தன. இதில் ஒரு தொல்லை உண்டு. சார்லமேனின் தோற்ற வருணனையில் எது சார்லமேன், எது இரவல் என்று ஆராய்ச்சியாளர்கள் இன்றும் மல்லுக்கட்டுகிறார்கள். ஆனால் எழுதப் பழகுவதற்காகத் தலையணைக்கு அடியில் எழுதுபலகை வைத்திருந்தான், தாமதமாகத் தொடங்கியதால் கை வசப்படவில்லை என்ற செய்தி ஐன்ஹார்ட் தந்தது. அப்படியொரு சின்ன விஷயம் ஒரு பேரரசனின் வரலாற்றில் இடம்பெறலாம் என்ற துணிவு சூட்டோனியஸிடமிருந்து வந்தது.

கெட்ட வாரிசும் உண்டு. நான்காம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிய 'ஹிஸ்டோரியா அகஸ்டா' ஆறு ஆசிரியர்கள் எழுதியதாகச் சொல்லிக்கொள்ளும் தொகுப்பு. ஒரே ஆள் போட்ட வேடம் என்று ஹெர்மன் டெசாவ் 1889இல் வாதிட்டார். இன்று பெரும்பாலோர் அவர் பக்கம். அதில் உள்ள ஆவணங்களில் பெரும்பகுதி கட்டுக்கதை.

கேள்வி: மகாராணியோடு ஏதோ சிக்கலில் அவர் வேலை போனதாகப் படித்தேனே?

பதில்: பேரரசி சபீனாவிடம் அரண்மனை மரியாதையை மீறி நடந்துகொண்டதாக ஹாட்ரியன் அவரை நீக்கினான் என்று சொல்லப்படுகிறது. சொல்லும் நூல் எது? மேலே திட்டிய அதே ஹிஸ்டோரியா அகஸ்டா. முழுதாகத் தள்ளிவிடவும் முடியவில்லை. அதன் ஹாட்ரியன் பகுதி ஓரளவு நம்பத்தக்கது. வேலை போனதால் கோப்பறைக் கதவும் மூடிக்கொண்டது, அதனால்தான் பிற்காலப் பேரரசர்களின் பகுதிகளில் கடித மேற்கோள் குறைகிறது என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். கவர்ச்சியான வாதம். நிரூபணம் இல்லை.

கேள்வி: நம் ஊருக்கும் இந்த நூலுக்கும் ஏதாவது தொடர்பு?

பதில்: மெல்லிய தொடர்புதான். கேள்விப்பட்டு மட்டுமே அறிந்திருந்த இந்தியர்கள் அகஸ்டஸின் நட்பை நாடித் தூதர்களை அனுப்பினார்கள் என்று ஒரு வரி வருகிறது. இந்தியாவின் எந்தப் பகுதியினர் என்று சொல்லவில்லை. கொங்குப் பகுதியில் கிடைக்கும் ரோம நாணயங்களில் அகஸ்டஸ், டைபீரியஸ் முகங்களே மிகுதி. அவர்களின் முகத்தைக் கையில் பார்த்திருந்த நம்மவர்களுக்கு அந்த வாழ்க்கைகள் தெரிந்திருக்க வழியில்லை.

கேள்வி: புதிதாகப் படிக்கிறவன் எங்கே தொடங்குவது?

பதில்: ஜூலியஸில் தொடங்காதீர்கள். அதன் முதல் பக்கங்கள் தொலைந்துவிட்டன. சீசருக்குப் பதினாறாவது வயது நடக்கும்போது தந்தை இறந்தார் என்று திடீரென்று தொடங்கும். வெஸ்பாசியனை எடுத்துக்கொள்ளுங்கள். சிறியது, அந்த மனிதனும் வேடிக்கையானவன். சிறுநீருக்கு வரி போட்டதை மகன் டைட்டஸ் குறைசொன்னபோது, வந்த காசை அவன் மூக்கருகே நீட்டி 'நாறுகிறதா?' என்று கேட்டவன் இவன்தான். அடுத்து கிளாடியஸ், பிறகு அகஸ்டஸ். ஆங்கிலத்தில் ராபர்ட் கிரேவ்ஸின் 1957 மொழிபெயர்ப்பு சரளமாக ஓடும். ஆனால் அவர் நாவலாசிரியர், மூலத்தின் மேடுபள்ளங்களை நிரவிவிடுவார். சந்தேகம் வரும் இடத்தில் ரோல்ஃபின் பழைய மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.