கையடக்க ஜிபிஎஸ்: எத்தனை ஜி.பி. இருந்தால் போதும்?

மலை, காடு, கடல் என்று செல்பேசி சிக்னல் எட்டாத இடங்களுக்குப் போகும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பெரும்பாலானவை நினைவகத்தைப் பற்றியவை. அவற்றில் சிலவற்றுக்கான பதில்கள் இங்கே.

கோத்தகிரி வாசகர்: முதுமலை, முக்கூர்த்தி பக்கம் தாவரக் கணக்கெடுப்புக்குப் போகிறோம். 3.7 ஜி.பி. உள்ள பழைய ஈட்ரெக்ஸ் 20எக்ஸ், 8 ஜி.பி. உள்ள ஈட்ரெக்ஸ் 22எக்ஸ், 16 ஜி.பி. உள்ள ஜிபிஎஸ்மேப் 65 ஆகிய மூன்று கார்மின் கருவிகள் கிடைக்கின்றன. நினைவகத்துக்காக விலை கூடியதை வாங்கலாமா?

நினைவகத்துக்காக என்றால் வேண்டாம். மூன்றிலும் பேட்டரிக்கு அடியில் மைக்ரோ எஸ்.டி. கார்டு போட இடம் இருக்கிறது. உள்ளே எத்தனை ஜி.பி. என்பதைவிட, கார்டு போட முடியுமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஈட்ரெக்ஸ் 10-இல் அந்த இடமே கிடையாது. அதில் வரும் அடிப்படை வரைபடத்தில் பெரிய சாலைகளும் கடற்கரையும்தான் தெரியும். காட்டுக்குள் அது உதவாது.

சாலை, ஓடை, ஒற்றையடிப் பாதை எல்லாம் இந்த வரைபடங்களில் படமாக இல்லாமல் புள்ளிகளாகவும் கோடுகளாகவும் பதிவாகியிருக்கும். அதனால் இடம் குறைவாகவே பிடிக்கும். ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தின் தரவிலிருந்து செய்த தென்னிந்திய வரைபடம் முழுவதும் 2 ஜி.பி.க்குள் அடங்கிவிடும். மலையேறுபவர்களுக்கு இடத்தைத் தின்பது, ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகள்தான். 10 மீட்டர் இடைவெளியில் அமைந்த கோப்பு, 20 மீட்டர் கோப்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு இருக்கும். நீலகிரி போன்ற செங்குத்துச் சரிவில் 10 மீட்டர் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி, 2.2 அங்குலத் திரையைப் பழுப்புப் பட்டையாக்கிவிடும். அந்தக் கோடுகளுக்கு மூலமான விண்கல உயரத் தரவோ 30 மீட்டருக்கு ஒரு புள்ளி என்ற அளவில்தான் இருக்கிறது. எனவே 20 மீட்டர் கோப்பையே எடுங்கள். வரைபடம், சமவுயரக் கோடு இரண்டையும் சேர்த்துப் போட்டாலும் 8 ஜி.பி. கார்டில் இடம் மிஞ்சும்.

ஜிபிஎஸ்மேப் 65-க்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வேறு ஒன்றுக்கு. அது இரண்டு அலைவரிசைகளில் செயற்கைக்கோள் சிக்னலை வாங்கும். சோலைக்காட்டின் அடர்ந்த விதானத்துக்குக் கீழும், பாறைச் சுவரில் சிக்னல் பட்டுத் திரும்பும் பள்ளத்தாக்கிலும் அதன் பலன் தெரியும். உங்கள் வேலை பெரும்பாலும் சோலைக்குள் என்றால் அந்தப் பணம் வீண் இல்லை. புல்வெளியில்தான் என்றால் 22எக்ஸ் போதும். செடி இருந்த உயரத்தையும் குறிப்பவர்கள் 32எக்ஸ் வாங்குவது நல்லது. நினைவகம் அதே 8 ஜி.பி.தான், ஆனால் காற்றழுத்த உயரமானி இருக்கிறது. உயரம் தெரிந்த ஓர் இடத்தில் காலையில் அதைச் சரிசெய்துவிட்டுக் கிளம்ப வேண்டும். வானிலை மாறினால் அளவும் நகரும் என்பதால், வழியில் உயரம் தெரிந்த இன்னொரு இடம் வந்தால் மறுபடி சரிசெய்யுங்கள்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த கருவி என்றால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கண்டத்தின் வரைபடமே உள் நினைவகத்தில் பெரும் பங்கைப் பிடித்திருக்கும். கணினியில் ஒரு நகல் எடுத்துவைத்த பிறகு அதை அழிக்கலாம். நம் வரைபடத்தைக் கார்டில் போட்டுவிட்டு, உள் நினைவகத்தை நடந்த தடங்களுக்கு விட்டுவிடுவதே எங்கள் பரிந்துரை.

தேனி வாசகர்: 64 ஜி.பி. கார்டு வாங்கி வரைபடத்தை ஏற்றினேன். கருவி கார்டையே கண்டுகொள்ளவில்லை. கார்டு பழுதா?

பழுதாக இருக்காது. 32 ஜி.பி.க்கு மேற்பட்ட கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு அமைப்பு வடிவில் வருகின்றன; இத்தகைய கார்மின் கருவிகள் ஃபேட்32 வடிவத்தைத்தான் படிக்கும். 64-ஐ ஃபேட்32 ஆக மாற்றித் தரும் மென்பொருள்கள் உண்டு. ஆனாலும் 16 அல்லது 32 ஜி.பி. கார்டு ஒன்று வாங்கிவிடுவதுதான் நிம்மதி. ஃபேட்32-இல் ஒரு தனிக் கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்டக் கூடாது. பெரிய நாட்டின் வரைபடம் முக்கால்வாசி நகலாகி நின்றுபோவதற்குக் காரணம் இதுதான். மாநிலம் மாநிலமாகப் பிரித்து ஏற்றுங்கள்.

கார்டில் ‘கார்மின்’ என்று ஆங்கிலத்தில் பெயரிட்ட ஒரு ஃபோல்டரை உருவாக்கி, ஐ.எம்.ஜி. என்று முடியும் வரைபடக் கோப்புகளை அதற்குள் வையுங்கள். வெளியே கிடந்தால் கருவி பார்க்காது. கருவியை யூ.எஸ்.பி. கேபிளில் இணைத்து நகலெடுக்க வெகுநேரம் ஆகும். கார்டைக் கழற்றி கார்டு ரீடரில் போட்டு ஏற்றுங்கள். கோப்பு முழுதாக ஏறுவதற்குள் பிடுங்கிவிட்டால் சிதைந்துவிடும், அப்புறம் கருவி தொடக்கத் திரையிலேயே உறைந்து நிற்கும். அப்படி நின்றால் பதற வேண்டாம். பேட்டரியைக் கழற்றி, கார்டை எடுத்துவிட்டு இயக்குங்கள். ஓடினால் குற்றம் அந்தக் கோப்பில்தான்.

கொடைக்கானல், ஆய்வு மாணவி: சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 வரைபடத் தாள்களைப் படமாகவே கருவியில் ஏற்ற முடியுமா? எவ்வளவு இடம் வேண்டும்?

முடியும். ஆனால் இங்கே ஜி.பி. கணக்கு உதவாது, துண்டுக் கணக்குதான் முக்கியம். கார்மின் கருவி ஸ்கேன் படத்தை 1024 × 1024 பிக்சல் கொண்ட ஜேபெக் துண்டுகளாகத்தான் ஏற்கும். பழைய மாடல்களில் மொத்தம் 100 துண்டுகள்தான் அனுமதி. கார்டில் பத்து ஜி.பி. காலியாக இருந்தாலும் 101-வது துண்டு தெரியாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். தாளை 200 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 200 புள்ளிகள்) ஸ்கேன் செய்தால் ஒரு பிக்சல் தரையில் 6.35 மீட்டர். ஒரு துண்டின் பக்கம் 6.5 கிலோமீட்டர். ஒரு தாள் அட்ச, தீர்க்க ரேகைகளில் 15 நிமிடத்துக்கு 15 நிமிடம் (கால் பாகை), அதாவது நம் அட்சரேகையில் ஏறக்குறைய 27.5 கிலோமீட்டர் பக்கம். ஆக, ஒரு தாளுக்கு ஐந்துக்கு ஐந்து, 25 துண்டுகள். நூறு துண்டில் நான்கு தாள்கள் அடங்கும். 400 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்தால் அதே நூறில் ஒரே ஒரு தாள்தான்! எனவே 200-க்கு மேல் போகாதீர்கள். தாளின் ஓரத்து வெள்ளை விளிம்பையும் குறிப்புக் கட்டத்தையும் வெட்டிவிட்டால் சில துண்டுகள் மிஞ்சும். கியூஜிஐஎஸ் மென்பொருளில் படத்தை அட்ச, தீர்க்க ரேகைகளோடு இடம்பொருத்தி, கே.எம்.இசட். கோப்பாக்கி, ‘கஸ்டம்மேப்ஸ்’ என்ற ஃபோல்டரில் வையுங்கள்.

ஜேபெக்கைச் சேமிக்கும்போது ‘புரோகிரசிவ்’ என்ற தேர்வு அணைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த இடம் வெறுமையாகவே இருக்கும்.

எந்தத் தாளை எடுக்கிறீர்கள் என்பதும் முக்கியம். நூலகத்தில் கிடைக்கும் பழைய தாள்கள் எவரெஸ்ட் கோளவுரு என்ற பழைய பூமி வடிவ அளவீட்டை அடிப்படையாகக் கொண்டவை. அவற்றின் அட்ச, தீர்க்க ரேகைகளை அப்படியே ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூ.ஜி.எஸ்.84 அளவீடு என்று எடுத்துக்கொண்டால் நீங்கள் நிற்கும் புள்ளி நூறு, இருநூறு மீட்டர் தள்ளிக் காட்டும். ஓடையின் மறுகரையில் நிற்பதாகக் கருவி சொல்வது இதனால்தான். சர்வே ஆஃப் இந்தியா இணையத்தில் தரும் ‘ஓபன் சீரிஸ்’ தாள்கள் டபிள்யூ.ஜி.எஸ்.84-இலேயே உள்ளவை. அவை இருக்கும்போது பழைய தாளோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

பொள்ளாச்சி வாசகர்: சாலை வரைபடம், சமவுயரக் கோடு இரண்டையும் ஏற்றினேன். ஒன்றுதான் தெரிகிறது.

இரண்டு காரணங்களில் ஒன்றாக இருக்கும். சமவுயரக் கோப்பு ஒளிபுகும் வகையில் செய்யப்படாவிட்டால் கீழே உள்ளதை மூடிவிடும். அதற்கு ஒளிபுகும் கோப்பாகத் தேடி எடுக்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு கோப்புகளுக்கும், வரைபடத்தை அடையாளம் காட்டும் குடும்ப எண் (ஃபேமிலி ஐ.டி.) ஒன்றாக இருக்கும், கருவி குழம்பிவிடும். ஒரே ஊருக்கு இரண்டு சாலை வரைபடங்கள் இருந்தால், அமைப்புகளில் ‘மேப்’ பகுதிக்குப் போய் ஒன்றை அணைத்துவிடுங்கள். இரண்டும் ஓடினால் திரை நகர்வதும் மந்தமாகும்.

ராமேஸ்வரம் வாசகர்: நாட்டுப்படகில் வைத்துக்கொள்ள ஒரு ஜிபிஎஸ் வேண்டும். அதிக மெமரி உள்ளதா வாங்க வேண்டும்?

உங்களுக்கு மெமரி தேவையே இல்லை என்று சொல்லலாம். பார் (கடலடிப் பாறைத்திட்டு) இருக்கும் இடம், வலை போட்ட இடம், கரை திரும்பும் வழி எல்லாம் வெறும் புள்ளிகள். ஈட்ரெக்ஸ் 22எக்ஸிலேயே 2,000 புள்ளிகள் சேமிக்கலாம். தண்ணீரில் விழுந்தால் மிதக்கும் ஜிபிஎஸ்மேப் 78, 79 வரிசையைப் பாருங்கள். ஈட்ரெக்ஸ் தண்ணீர் தாங்கும், ஆனால் மூழ்கிவிடும்.

சர்வதேசக் கடல் எல்லைக் கோட்டின் புள்ளிகளை மீன்வளத் துறையிடமிருந்து வாங்கி ஏற்றுங்கள். ஏற்றும்போது கருவியில் உள்ள எண் வடிவத்தைப் பாருங்கள். 30.50 நிமிடம் என்பது 30 நிமிடம் 30 விநாடி. அதை 30 நிமிடம் 50 விநாடி என்று பதிந்தால் கோடு 600 மீட்டர் தள்ளிப்போகும். பாக் நீரிணையில் அந்த 600 மீட்டரில் படகே பறிபோகலாம். ஏற்றிய பிறகு இன்னொருவரை வைத்து ஒவ்வொரு எண்ணையும் உரக்கப் படிக்கச் சொல்லிச் சரிபாருங்கள்.

சேலம் வாசகர்: 24 எம்.பி. உள்ள பழைய ஈட்ரெக்ஸ் விஸ்டா ஒன்று கைக்கு வந்தது. பயன்படுமா?

புள்ளி குறிக்கவும் வந்த வழி திரும்பவும் பயன்படும். வரைபடத்துக்கு ஆகாது. அதில் கார்டு போட இடமில்லை, கணினியோடு இணைக்கச் சீரியல் கேபிள் வேண்டும்.

திருச்சி வாசகர்: தம்பி அமெரிக்காவிலிருந்து ஜிபிஎஸ்மேப் 66ஐ (66i) என்ற மாடலை வாங்கிவருகிறான். 16 ஜி.பி. உள்ளதால் அதைச் சொன்னேன். சரிதானே?

உடனே தடுத்துவிடுங்கள். 66ஐ மாடலில் இரிடியம் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் வசதி இருக்கிறது. தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் அத்தகைய கருவியை இந்தியாவில் வைத்திருப்பதே குற்றம். விமான நிலையத்தில் பறிமுதல் செய்து வழக்கும் போடுகிறார்கள். 66எஸ் வாங்கிவரச் சொல்லுங்கள். அதிலும் அதே 16 ஜி.பி., அதே 3 அங்குலத் திரை. இரிடியம் இல்லை.