இரண்டு தோல்வி, ஒரு கோப்பை

அன்புள்ள ஐயா,

2024 அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் சீசனில் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழக அணி, ஓரிகனிடமும் தோற்றது, மிச்சிகனிடமும் தோற்றது. தன் கான்ஃபரன்ஸின் (தான் சேர்ந்த அணிக்குழுவின்) இறுதியாட்டத்துக்குக்கூடப் போகவில்லை. பிறகு எப்படி தேசியச் சாம்பியன்? அதுவரை தோல்வியே காணாத ஓரிகன் ஒரே ஆட்டத்தில் வெளியேறியது நியாயமா?

வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் பிளேஆஃப், அதாவது சீசன் முடிவில் தேசியச் சாம்பியனைத் தீர்மானிக்கும் ஆட்டங்களின் முறை. அதற்கு முந்தைய ஆண்டு வரை நான்கு அணிகளுக்குத்தான் இடம். 2024-இல் பன்னிரண்டு ஆக்கினார்கள். முதல் நான்கு சீட் (பிளேஆஃப் அட்டவணையில் அணிக்குத் தரும் வரிசை எண்) கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கே என்று விதி. அதனால் தரவரிசையில் 9-ஆவதாக இருந்த பாய்சி ஸ்டேட்டும் 12-ஆவதாக இருந்த அரிசோனா ஸ்டேட்டும் மேலே போயின. 6-ஆவதாக இருந்த ஒஹாயோ ஸ்டேட் 8-ஆவது சீட்டுக்கு இறங்கியது. முதல் சீட்டான ஓரிகனுக்குக் காலிறுதியிலேயே இந்த அணி வந்து வாய்த்தது. ஓரிகன் ரசிகர்களின் ஆற்றாமை நியாயமானதுதான். 2025-இல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள்.

ஆனால் இந்த சீசனைப் புரிந்துகொள்ள பந்தைப் பார்க்காதீர்கள். பந்தை எறியும் குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் காவலாக நிற்கும் ஐந்து பேரைப் பாருங்கள்: நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டுகள், இரண்டு ஓரங்களிலும் டாக்கிள்கள்.

அக்டோபர் 12, ஓரிகனிடம் 32-31 என்று தோற்ற அன்றே லெஃப்ட் டாக்கிள் ஜாஷ் சிம்மன்ஸுக்கு முழங்காலில் அடி, சீசனே முடிந்தது. வலக்கைக்காரரான குவார்ட்டர்பேக் வில் ஹவர்ட் பந்தை எறியத் திரும்பும்போது அவர் முதுகைக் காக்கும் ஆள் இவர்தான். மாற்று வீரர் நெப்ராஸ்காவுடனான ஆட்டத்தில் திணறினார். எனவே லெஃப்ட் கார்டு டோனவன் ஜாக்சனை ஓரிடம் வெளியே தள்ளி நிறுத்தினார்கள். சின்ன மாற்றம்போலத் தெரியும், ஆனால் வேலையே வேறு. கார்டுக்கு இருபுறமும் துணை உண்டு, எதிராளி கைக்கெட்டும் தூரத்தில் நிற்பான். டாக்கிள் வெட்டவெளியில் தனியாகப் பின்னால் அடிவைத்தபடி, ஓரத்திலிருந்து பாய்ந்து வருபவனை மறிக்க வேண்டும். அந்தக் கால்வைப்பு படிய வாரக்கணக்கில் ஆகும். நவம்பரில் பயிற்சியின்போது சென்டர் செத் மெக்லாஃப்லினின் குதிகால் தசைநாரும் அறுந்தது. யார் யாரை மறிப்பது என்று கூவிச் சொல்பவர் சென்டர்.

ஆக, நவம்பர் 30 அன்று மிச்சிகன் வந்தபோது ஐந்தில் மூன்று இடங்களில் ஆள் மாறியிருந்தது. அப்படியிருந்தும் மிச்சிகனின் மேசன் கிரஹாம், கென்னத் கிரான்ட் இருவரும் மலைபோல் நின்ற நடுப்பகுதிக்குள்ளேயே ஒஹாயோ ஸ்டேட் வீரர்கள் பந்தை ஏந்தித் திரும்பத் திரும்ப ஓடினார்கள். 26 ஓட்டம், 77 யார்டு. பந்தை உதைப்பவரான ஜெய்டன் ஃபீல்டிங் இரண்டு ஃபீல்ட் கோல்களை (கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி எடுப்பது) தவறவிட்டார். முடிவு 13-10, தோல்வி. பயிற்சியாளர் ரையன் டேயின் பெரிய பிழை அது என்பேன்.

மூன்று வாரம் கழித்து பிளேஆஃப் முதல் சுற்றில் டென்னஸியுடன் மோதியபோதும் காயமடைந்தவர்கள் திரும்பவில்லை. ஆனால் ஆட்டத்தின் வரிசை மாறியிருந்தது: முதலில் பந்தைப் பிடிக்கும் ரிசீவர் ஜெரமையா ஸ்மித்துக்கு எறி, எதிரணியின் தடுப்பு விரியட்டும், பிறகு பந்தை ஏந்தி ஓடு. முதல் காலாட்டத்திலேயே 21-0. காலிறுதியான ரோஸ் பவுல் ஆட்டத்தில் ஓரிகன் ஒரு புள்ளி எடுப்பதற்குள் 34-0.

இறுதியாட்டத்தில் 31-7 என்றிருந்ததை நோட்ர டேம் 31-23 ஆக்கிவிட்டது. மூன்று நிமிடத்துக்கும் குறைவு, மூன்றாம் டவுன் (மூன்றாவது முயற்சி), பந்தைத் தக்கவைக்க ஒஹாயோ ஸ்டேட்டுக்கு 11 யார்டு வேண்டும். நோட்ர டேம் ஹவர்டை வீழ்த்தக் கூடுதல் ஆட்களை ஏவியது. ஹவர்ட் நின்று எறிந்தார். ஒற்றை ஆள் காவலில் ஓடிய ஸ்மித் கையில் 56 யார்டு. ஆட்டத்தை முடித்துவைத்த ஃபீல்ட் கோலை அடித்தவர் அதே ஃபீல்டிங். 34-23.