மெடிக்கல் ஸ்கூலுக்கு முன் ஒரு மாஸ்டர்ஸ்: கேள்வி பதில்

அமெரிக்காவில் டிகிரி முடித்து மெடிக்கல் ஸ்கூலுக்கு முயற்சி செய்யும் பிள்ளைகள், மார்க் கொஞ்சம் குறைந்துவிட்டால் உடனே யோசிப்பது ஸ்பெஷல் மாஸ்டர்ஸ் என்கிற ஒரு வருடப் படிப்பைத்தான். ப்ரீமெட் மாணவர்களுக்கு ஆலோசனை சொல்வது என் வேலை என்பதால் என்னிடம் கேட்டிருந்தீர்கள். வந்த கேள்விகளுக்குப் பதில் இதோ.

அக்கா, ஜிபிஏ (4-க்கு, கல்லூரி மார்க் சராசரி) 3.1, எம்கேட் (மெடிக்கல் ஸ்கூல் நுழைவுத் தேர்வு) 512. ஜார்ஜ்டவுன், பாஸ்டன் யுனிவர்சிட்டி இரண்டிலும் இடம் கிடைத்திருக்கிறது. எதில் சேரட்டும்?

இரண்டுமே நல்ல பெயர் உள்ளவை தம்பி, அதனால் பெயரை வைத்து முடிவு செய்ய வேண்டாம். ஜார்ஜ்டவுனில் இது 1975-லிருந்து நடக்கிறது, இந்த வகைப் படிப்புகளில் அதுதான் பழையது. மெடிக்கல் மாணவர்களின் பாடத்தை ஒட்டி ஒரே வருடத்தில் அழுத்தமாக நடத்திவிடுவார்கள். பாஸ்டனில் பலர் முதல் வருடம் பாடங்களை முடித்துவிட்டு இரண்டாம் வருடம் ஆய்வுக் கட்டுரை எழுதுகிறார்கள், விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் வருடம் சும்மா போகாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: பல மெடிக்கல் ஸ்கூல்களில் முதல் வருடம் பாஸ், ஃபெயில் மட்டும்தான். அங்கே பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மெடிக்கல் மாணவர் பாஸ் ஆனால் போதும், ஸ்பெஷல் மாஸ்டர்ஸ் மாணவருக்கு அதே பரீட்சையில் ஏ வேண்டும். அங்கே பி மைனஸ் வாங்கினால், "இவரால் மெடிக்கல் படிப்பைத் தாங்க முடியாது" என்பதற்கு நீங்களே பணம் கட்டிச் சான்று வாங்கியதாகிவிடும். கல்லூரியில் கடைசி இரண்டு செமஸ்டர் எப்படிப் போனது? அதிலும் சி இருந்தால் இப்போதைக்கு இரண்டிலுமே சேராதீர்கள், முதலில் படிக்கும் முறையைச் சரிசெய்யுங்கள்.

மாஸ்டர்ஸில் 4.0 எடுத்தால் பழைய ஜிபிஏ ஏறுமா?

ஏறாது. ஆம்காஸ் என்கிற, மெடிக்கல் ஸ்கூல்களுக்கான பொது விண்ணப்பத்தில் இளநிலை ஜிபிஏ தனி, முதுநிலை ஜிபிஏ தனி. இளநிலைக் கணக்கிலேயே சேர வேண்டுமென்றால் போஸ்ட்பாக் என்று டிகிரிக்குப் பிறகு எடுக்கும் இளநிலைப் பாடங்கள்தான் வழி. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 120 கிரெடிட்டில் 3.1 இருக்கிறவர் இன்னும் 30 கிரெடிட் எடுத்து எல்லாவற்றிலும் ஏ வாங்கினாலும் 3.28-தான் வரும். 2.8, 2.9-இல் இருப்பவர்களுக்கு முதலில் போஸ்ட்பாக்தான் தேவை, ஏனென்றால் பல இடங்களில் 3.0-க்குக் கீழே இருந்தால் விண்ணப்பத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் போக வாய்ப்புண்டு. ஆஸ்டியோபதி கல்லூரிகளில் (எம்.டி.க்குப் பதில் டி.ஓ. பட்டம் தரும் மருத்துவக் கல்லூரிகள்) அதே பாடத்தை மறுபடி எடுத்தால் பழைய மார்க்கை அழித்துப் புது மார்க் போடுவார்கள் என்று இன்னமும் சிலர் சொல்கிறார்கள். அது 2017-லேயே நின்றுவிட்டது.

என் மகளுக்கு ஜிபிஏ 3.7, எம்கேட் 498. எந்த மாஸ்டர்ஸ் நல்லது?

எதுவும் வேண்டாம் அம்மா. அவளுக்குக் குறை எம்கேட்டில்தான். நாலைந்து மாதம் வேறு வேலை வைத்துக்கொள்ளாமல் உட்கார்ந்து படித்து மறுபடி எழுதட்டும்.

சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறேன், கல்லூரியில் கெமிஸ்ட்ரியே எடுக்கவில்லை. ஸ்பெஷல் மாஸ்டர்ஸில் சேரலாமா?

அது அடிப்படை அறிவியல் பாடங்களை முடித்தவர்களுக்கானது. உங்களுக்கு ஏற்றது துறை மாறுகிறவர்களுக்கான போஸ்ட்பாக். பிரின் மார், கௌச்சர் இரண்டும் இதில் பேர்போனவை.

ஸ்பெஷல் மாஸ்டர்ஸில் சேர்ந்தால் அங்குள்ள மெடிக்கல் ஸ்கூலில் இன்டர்வியூ நிச்சயம் என்கிறார்களே?

இன்டர்வியூ வேறு, சீட் வேறு. எந்த ஜிபிஏ, எந்த எம்கேட் இருந்தால் அந்த வாக்குறுதி செல்லும் என்று எழுத்தில் கேளுங்கள். அப்புறம் "எங்கள் மாணவர்களில் இத்தனை சதவீதம் மெடிக்கல் ஸ்கூலில் சேர்ந்தார்கள்" என்பார்கள். அது சேர்ந்த எல்லோரிலுமா, நன்றாக முடித்து விண்ணப்பித்தவர்களில் மட்டுமா? நடுவில் விலகியவர்களைக் கணக்கில் சேர்த்தார்களா? தங்கள் மெடிக்கல் ஸ்கூலிலேயே போன வருடம் எத்தனை பேரை எடுத்தார்கள்? நேராகப் பதில் வராத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

கடன் வாங்கிப் படிக்கலாமா?

இங்கேதான் எனக்குக் கவலை. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு கிராட் பிளஸ் லோன் (மேற்படிப்புச் செலவு முழுவதற்கும் வாங்க முடிந்த அரசுக் கடன்) கிடையாது. மாஸ்டர்ஸுக்கு அரசுக் கடன் வருடத்துக்கு 20,500 டாலர்தான், பல ஸ்பெஷல் மாஸ்டர்ஸில் ஃபீஸ் மட்டுமே அதைத் தாண்டும். மீதிக்குத் தனியார் கடன், அதில் பெரும்பாலும் அப்பா அம்மா கையெழுத்துப் போட வேண்டிவரும். மெடிக்கல் ஸ்கூலுக்கும் அரசுக் கடன் வருடம் 50,000, மொத்தம் 2 லட்சம் டாலர் என்று இப்போது வரம்பு வந்துவிட்டது. வீட்டிலிருந்து போய்வரக்கூடிய ஸ்டேட் யுனிவர்சிட்டி போஸ்ட்பாக் இருந்தால் அதை முதலில் பாருங்கள்.

நான் எச்4 விசாவில் (பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்தது) வளர்ந்தவன், இப்போது எஃப்1 (மாணவர் விசா). எனக்கு இது சரிப்படுமா?

அரசுக் கடன் கிடைக்காது, குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களைப் பல மெடிக்கல் ஸ்கூல்கள் எடுப்பதும் இல்லை. எடுக்கும் கல்லூரிகளின் பட்டியலை முதலில் தயார் செய்துவிட்டு, அங்கே உங்கள் மாஸ்டர்ஸை மதிக்கிறார்களா என்று ஒவ்வொன்றுக்கும் மெயில் போட்டுக் கேளுங்கள்.

படிக்கும்போதே விண்ணப்பிக்கலாமா?

விண்ணப்பம் ஜூன் வாக்கில் போய்விடும், வகுப்பு ஆகஸ்டில்தான் தொடங்கும், ஆக அவர்கள் பார்ப்பது உங்கள் பழைய மார்க்கைத்தான். முதல் செமஸ்டர் மார்க்கை டிசம்பரில் நீங்களே ஒவ்வொரு கல்லூரிக்கும் அனுப்ப வேண்டும், அதற்குள் பாதி இன்டர்வியூ முடிந்திருக்கும். 3.1 ஜிபிஏ தம்பிக்கும் இது பொருந்தும்: ஒரு வருடம் முழுதாகப் படித்து, மார்க் கையில் வந்த பிறகு விண்ணப்பியுங்கள்.