விரலில் குத்திப் பார்க்கும் சீனி அளவை எவ்வளவு நம்பலாம்?

கிளினிக்கில் விரலில் குத்திப் பார்த்த அளவும் ஆய்வுகூட அறிக்கையும் ஒத்துப்போவதில்லையே என்பது, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் சலரோகத்துக்கு மருந்தெடுக்கும் பலரின் கேள்வி.

குளுக்கோமீட்டர் என்பது, ஸ்ட்ரிப் எனும் சோதனைப் பட்டையில் பூசப்பட்ட நொதியம் ஒரு துளி இரத்தத்திலுள்ள குளுக்கோசுடன் வினைபுரியும்போது எழும் மிகச் சிறிய மின்னோட்டத்தைக் கொண்டு சீனி அளவைக் கணிக்கும் கருவி. ஆய்வுகூடமோ நாளத்தில் எடுத்த இரத்தத்திலிருந்து குழியங்களை நீக்கி, எஞ்சும் தெளிந்த நீர்ப்பகுதியையே அளக்கிறது. ஆகவே சிறு வேறுபாடு இயல்பானது. உணவுக்குப் பின் விரல் இரத்தத்தில் சீனி சற்றுக் கூடுதலாகவே இருக்கும். சர்வதேசத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ.வின் 2013ஆம் ஆண்டுத் தரநிலைப்படி, ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 100 மில்லிகிராமுக்கு மேற்பட்ட அளவுகளில் 15 சதவீதம் வரை கூடிக்குறையலாம். அதாவது உண்மையில் 200 உள்ளவருக்கு 170 காட்டினாலும் 230 காட்டினாலும் கருவியில் பிழையில்லை. காற்றடிக்கும் நாளில் இரணைமடுக் குளத்து அளவுகோலைப் பார்ப்பதைப் போன்றது இது: அலையால் எண் சற்று ஆடும், ஆனாலும் வான்கதவைத் திறப்பதா என்று முடிவெடுக்க அது போதும்.

இந்த எல்லையையும் மீறிய பிழைகள் பெரும்பாலும் நம் கையிலேயே உண்டாகின்றன. பனம்பழம் பிசைந்த விரலைக் கழுவாமல் குத்தினால் எண் பொய்யாக ஏறிவிடும். மூடாத டப்பாவில் வன்னி வெயிலின் வெக்கையில் கிடந்த ஸ்ட்ரிப்பை நம்ப முடியாது. இரத்தசோகை உள்ளவருக்கும் எண் கூடுதலாகக் காட்டலாம். இதைப் பலர் கவனிப்பதேயில்லை.

இன்று 110 காட்டியதால் சலரோகம் கட்டுப்பட்டுவிட்டது என்று எண்ணிச் சிலர் மருந்தைக் குறைக்கின்றனர். அது அந்த வேளையின் அளவு மட்டுமே, கடந்த 2 முதல் 3 மாதங்களின் நிலையைச் சொல்வது எச்பிஏ1சி பரிசோதனை.