அரேஞ்சர் கீபோர்டுக்காக வீட்டை அடகு வைக்காதீர்கள்

பிளஸ் டூ முடித்த உங்கள் மகன் தேவாலயப் பாடகர் குழுவிலும் ஊர்க் கச்சேரிகளிலும் கீபோர்டு வாசிக்கிறான் என்றும், வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்தாவது விலை உயர்ந்த அரேஞ்சர் கீபோர்டு ஒன்றை வாங்கித் தந்து, தனியார் நிறுவனத்தில் இசைத் தயாரிப்பு டிப்ளமோவிலும் சேர்த்துவிட்டால் அவன் தொழில்முறைக் கலைஞனாகிவிடுவான் என்று உங்கள் மைத்துனர் வற்புறுத்துகிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கவலை நியாயமானது. மைத்துனரின் கணக்கு தவறானது.

அரேஞ்சர் கீபோர்டு, யமஹா 1959இல் வெளியிட்ட எலக்டோன் போன்ற வீட்டு ஆர்கன்களின் வாரிசு. வீட்டில் தனியாக அமர்ந்து வாசிப்பவருக்கு டிரம்ஸ் வாசிக்கவும் பேஸ் வாசிக்கவும் துணை இல்லை என்பதால், இடக்கையால் ஒரு கார்டு (ஒருசேர ஒலிக்கும் சுரக்கூட்டு) பிடித்ததும் முழு வாத்தியக் குழுவும் உடன் ஒலிக்கும்படி அது வடிவமைக்கப்பட்டது. தொழில்முறைக் கலைஞருக்கோ மேடையில் டிரம்மர் இருக்கிறார்; ஒலிப்பதிவுக் கூடத்தில் கணினி இருக்கிறது. அவர் கேட்பது ஒலியை ஆழமாக மாற்றியமைக்கும் வசதியை. அவருக்காக 2016இல் மான்டாஜ் என்ற சிந்தசைசரை (ஒலிகளை உருவாக்கி மாற்றும் கருவியை) வெளியிட்ட யமஹா, அரேஞ்சர் வரிசையில் 2017இல் ஜெனோஸைத் தனியாகக் கொண்டுவந்தது. நூற்றுக்கணக்கான ஸ்டைல்களை, அதாவது கருவிக்குள் தயாராக இருக்கும் உடன்வாசிப்புகளை, உருவாக்க ஆகும் பெருஞ்செலவை ஈடுகட்டும் எண்ணிக்கையில் இந்த அரேஞ்சர் கருவிகளை வாங்குபவர்கள் பெரும்பாலும் பொழுதுபோக்காக வாசிப்பவர்களே. தனியாளாகத் திருமணங்களில் வாசித்துப் பிழைப்பவர்களும் உண்டு. ஆனால் அவர்களை மட்டும் நம்பி இக்கருவியைச் செய்வது அரிது. ஆகவே விலை கூடிய மாடலை வாங்குவதால் மட்டும் தொழில் அமைந்துவிடாது.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது: கச்சேரி முடிந்து வந்த பிறகும் பையன் நள்ளிரவுவரை கருவிக்குள் இருக்கும் தாளங்களை மாற்றிக்கொண்டிருக்கிறான். இதற்கு ஸ்டைல் புரோகிராமிங் என்று பெயர். உறவினர் யாரும் சொல்லாத வழி இது. ஒரு ஸ்டைலில் இரண்டு தாளப் பகுதிகள், ஒரு பேஸ், இரண்டு கார்டு, ஒரு பேட் (பின்னணியில் நீண்டொலிக்கும் ஒலி), இரண்டு ஃப்ரேஸ் (குறு இசைத்துணுக்கு) என எட்டுத் தடங்கள் இருக்கும். இன்ட்ரோ (தொடக்கம்), நான்கு மெயின்கள் (பாட்டின் முக்கியப் பகுதிகள்), ஃபில் (இடைநிரப்பு), எண்டிங் (முடிவு) என ஒவ்வொன்றையும் தனித்தனியே அமைக்க வேண்டும். யமஹாவில் வழக்கமாக எல்லாவற்றையும் ஸி மேஜர் செவன்த் கார்டில் பதிவு செய்ய வேண்டும். வாசிப்பவர் பிடிக்கும் கார்டுக்கேற்பக் கருவி சுரங்களை மாற்றிக்கொள்ளும். எனவே மாற்றும்போது இடறாதபடி மெயின் பகுதியில் எஃப் சுரத்தைத் தவிர்க்க வேண்டும், மைனர், டிமினிஷ்ட் போன்ற வேறு வகைக் கார்டுகளிலும் பேஸ் தடம் பிசிறுகிறதா என்று சோதிக்க வேண்டும். காதும் இசைக் கோட்பாடும் பொறுமையும் ஒருசேரத் தேவைப்படும் வேலை இது. பறை, தவில், நையாண்டி மேளத்தின் நடைகளைத் கருவியோடு வரும் தொழிற்சாலை ஸ்டைல்களில் அதிகம் எதிர்பார்க்க முடியாது; அந்தக் குறையை நிரப்ப இசைக்குழுக்களும் தேவாலயங்களும் ஸ்டைல்களைக் காசு கொடுத்தே வாங்குகின்றன. வாத்தியங்களை நேரில் பதிவு செய்து, யமஹா இலவசமாகத் தரும் எக்ஸ்பான்ஷன் மேனேஜர் மென்பொருளால் கருவிக்குள் ஏற்றவும் முடியும். இந்தப் பயிற்சி நாளை திரையிசைக் கூடத்தில் கீபோர்டு புரோகிராமராகச் சேரவும், விளையாட்டுச் செயலிகளுக்கு ஒலி அமைக்கவும் உதவும்.

பையனிடம் இப்போதிருக்கும் யமஹாவின் பிஎஸ்ஆர்-எஸ்எக்ஸ்700 அரேஞ்சரே இதற்குப் போதும். ஸ்டைல்களை உருவாக்கும் ஸ்டைல் கிரியேட்டர் வசதி அதிலேயே இருக்கிறது. கடன் வாங்கவே கூடாது என்று உறுதியாகச் சொல்கிறேன். வருமானம் ஏறி இறங்கும் தொழிலில் மாதத் தவணை என்ற சுமையோடு நுழைபவன், கிடைத்த கச்சேரியையெல்லாம் ஒப்புக்கொண்டு, கற்க வேண்டிய வயதைத் தொலைத்துவிடுவான். உள்ளூர் அரசுக் கல்லூரியில் பி.காமோ கணினி அறிவியலோ, அவனுக்குப் பிடித்ததில் சேரட்டும். கூடவே இசைத் தேர்வுகளை நடத்தும் டிரினிட்டி காலேஜ் லண்டன் அமைப்பின் எலக்ட்ரானிக் கீபோர்டு கிரேடு தேர்வுகளை ஒவ்வொன்றாக எழுதட்டும். மைத்துனருக்குப் பதில் சொல்லும் முன், பையன் செய்த ஐந்து ஸ்டைல்களை உங்கள் ஊர் இசைக்குழுத் தலைவர் ஒருவரிடம் வாசித்துக் காட்டச் சொல்லி, அவர் எவற்றை விலைக்குக் கேட்கிறார் என்று எனக்கு எழுதுங்கள்.