தறப்பாளும் ஐஸும்

அன்புள்ள ஐயா,

மாங்குளத்துக்குக் கிட்ட ஒரு பாடசாலையில் விளையாட்டுப் பொறுப்பாசிரியராக இருக்கிறேன். எங்கள் 4×100 அஞ்சல் ஓட்ட அணிக்கு ஸ்பைக்ஸ் (ஆணி வைத்த ஓட்டச் சப்பாத்து) வாங்கலாமா? கோல் மாற்றுவதும் அடிக்கடி பிழைக்கிறது. போன கிழமை, பள்ளி விட்டபிறகு நடந்த பயிற்சியில், 1500 மீற்றர் ஓடும் மாணவன் ஒருவன் தடுமாறி ஏதோ உளறினான். சோடா கொடுத்தோம், சரியாகிவிட்டது. வயலில் வேலை செய்து பழகின பிள்ளைகள், வெயில் பெரிதாகத் தாக்காதுதானே.

அன்புள்ள தம்பி,

கிறவல் தரையில் ஸ்பைக்ஸ் காசுக்குக் கேடு. கோல் மாற்ற 30 மீற்றர் வலயம் இருக்கிறது. வருகிறவன் எந்த இடத்தைத் தாண்டும்போது அடுத்தவன் ஓடத் தொடங்க வேண்டுமென்று தரையில் ஓர் அடையாளம் வைப்போமே, வருகிறவன் முட்டிக்கொண்டு நின்றால் அதைப் பின்னுக்குத் தள்ளுங்கள், எட்டாமல் போனால் கிட்டக் கொண்டு வாருங்கள். அவ்வளவுதான்.

உளறினான் என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிறீர்களே! 2024 மார்ச்சில் அம்பாறை மாவட்டத்துத் திருக்கோவில் ஊரில் பாடசாலை மரதன் ஓடிய மாணவன் இறந்தபின்னும் நாம் சோடாப் போத்தலைத்தான் தேடுகிறோம். ஓடும் பிள்ளை தடுமாறி, கேட்டதற்கு மாறிப் பதில் சொன்னால் அதைக் களைப்பென்று விடக்கூடாது. உள்ளுடல் வெப்பம் 40 பாகையைத் தாண்டியிருக்கலாம். தோல் காய்ந்திருக்க வேண்டுமென்பதில்லை, வியர்த்துக் கொட்டும்போதும் வெப்ப அதிர்ச்சி வரும். அறிவு தடுமாறினவனுக்கு வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரைக்கேறும்.

அப்படிப்பட்டவனின் உடம்பை உடனே குளிரவைக்க மைதானத்தில் ஒரு தறப்பாள், இரண்டு பீப்பாய் கிணற்றுத் தண்ணீர், மீன்காரரிடம் வாங்கின ஐஸ் ஒரு பெட்டி ஆயத்தமாக இருக்கட்டும். பிள்ளையைத் தறப்பாளின் நடுவில் கிடத்தி, நாலு பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடியுங்கள், தண்ணீர் வழியாது. தண்ணீரையும் ஐஸையும் கொட்டி, தறப்பாளை இப்படியும் அப்படியும் ஆட்டுங்கள், உடம்பைச் சுற்றின தண்ணீர் சூடேறாமல் அசைந்துகொண்டிருக்கட்டும். ஒருவர் தலைமாட்டில் நின்று கமக்கட்டில் கைகொடுத்து, முகம் தண்ணீருக்கு மேலே இருக்கப் பிடிக்க வேண்டும். அதேநேரம் ஒருவர் 1990-க்கு அழைக்கட்டும். அம்புலன்ஸ் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கக்கூடாது. முதல் அரைமணி நேரத்துக்குள் வெப்பம் இறங்கினால்தான் மூளையும் ஈரலும் தப்பும்.

வயலில் பழகினவன் என்கிறீர்கள். வயலில் களைத்தால் அவன் வரம்பில் குந்துவான். உங்கள் விசிலுக்கு முன்னால் குந்தமாட்டான் தம்பி, உங்களுக்காக ஓடுவான்! அந்த அன்பைப் பாவிக்கிறவருக்குப் பொறுப்பு இரட்டிப்பு. விடுமுறை முடிந்து வருகிறவனுக்கு வெயில் பழக ஒன்றிரண்டு கிழமை வேண்டும், முதல் நாட்களில் பாதித் தூரம் போதும். காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஏழரைக்குள் முடியுங்கள். கச்சான் என்கிற வறண்ட காற்று அடிக்கிற மாதங்களில் வியர்வை தெரியாமலே காய்ந்துவிடும், கண்ணால் பார்த்து மதிக்க முடியாது. ஓடமுன்னும் ஓடினபின்னும் நிறுங்கள். 50 கிலோ பிள்ளை 1 கிலோவுக்கு மேல் குறைந்தால் தண்ணீர் போதவில்லை.

அந்த மாணவனை வைத்தியரிடம் காட்டினீர்களா? அதை நீங்கள் எழுதவில்லை. காட்டும்வரை அவனை ஓடவிடாதீர்கள்.

அன்புடன்.